பதினெட்டரை அடித் தோலும் கூட்டல்ல வந்த NaN-னும்

தோல் அளவு கூட்டற ப்ரோக்ராம் எழுதிக் குடுத்தவங்களுக்கு, கூட்டல் கெட்டாத்தான் போன் வரும். ஜாவாஸ்கிரிப்ட்ல மாட்டுனவங்க யாராவது இத படிச்சா, மொத்தம் வர வேண்டிய எடத்துல NaN-னு நிக்கறத பாத்திருப்பீங்க. இது நம்பரே இல்லன்னு அர்த்தம். நான் தோல் கம்பெனில கம்ப்யூட்டர் பாத்து ரிட்டையர் ஆனவ. பையன் துபாய்ல, வீட்டுல நான் மட்டும். ஆம்பூர்ல ஒரு தோல் குடோனுக்கு இத எழுதிக் குடுத்தப்புறம், எனக்கு வந்த போனெல்லாம் அங்கேர்ந்துதான்.

கால் அடி

மொதல்ல கூப்ட்டது மேஸ்திரி குமரேசன். நம்ம பக்கம் பதினெட்டரை அடித் தோலுன்னா, பின்பக்கம் 18 எழுதி மேல சின்னதா 2 போடுவாங்க. ரெண்டு கால்னு கணக்கு. எங்க வீட்டுக்காரரும் இருந்தவரைக்கும் அளவு போட்டவர்தான். ஒன்றரை லிட்டர் பாலுக்கு சீட்டுல அதே மாதிரி 1-க்கு மேல சின்னதா 2 எழுதி வச்சாரு, பால்காரர் பன்னெண்டு லிட்டரோட வந்து நின்னாரு. அத விடுங்க. குமரேசன் கம்ப்யூட்டர்லயும் 18, ஒரு எடம் விட்டு 2-ன்னு அடிச்சிருக்காரு. மொத்தம் NaN. எடம் விட்டு வந்தா காலுன்னு எடுத்துக்கச் சொல்லி மாத்துனேன். அப்பவும் அவருக்கு ஆறல. "எனக்கு எழுதத் தெரியும்மா, உங்க ப்ரோக்ராமுக்குத்தான் படிக்கத் தெரியல."

கிழிசல்

ஷபானா வாணியம்பாடிலேர்ந்து பஸ்ல வந்து அங்க என்ட்ரி போடற பொண்ணு. கிழிஞ்ச தோல் ஒண்ணு வந்திருக்கு. அளவு போடற கட்டத்துல "கிழிசல்"னே அடிச்சிட்டா. கூட்டற வரிசைல ஒண்ணு நம்பர் இல்லன்னாலும் மொத்தமும் NaN ஆயிடும்னு சொன்னேன். "ஒண்ணே ஒண்ணு கிழிஞ்சதுக்கு இத்தினி நல்ல தோலும் இல்லன்னு ஆயிடுமா ஆயா?"

பூஜ்யம்

பேஜாரா போச்சுன்னு, நம்பரா இல்லாதது எது வந்தாலும் பூஜ்யம்னு எடுத்துக்கச் சொல்லி ஒரு வரி போட்டேன். நீங்களும் போட்டிருப்பீங்க. NaN போச்சு, போனும் நின்னுச்சு. கீரை ஆயும்போதும் போன பக்கத்துலயே வச்சிருந்தேன். எட்டாம் நாள் அடிச்சுது. யாரோ "22அடி"ன்னு சேத்து அடிச்சதெல்லாம் பூஜ்யமாயி, மொத்தம் கம்மியா காட்டியிருக்கு. பத்தலன்னு நெனச்சு ரெண்டு கட்டு ஜாஸ்தியா ஏத்தி விட்டாங்க. ராணிப்பேட்டை தாண்டுன வண்டிய திருப்பி வரவச்சாங்களாம். குமரேசன் சத்தம் போடல. "NaN-னு வந்தா உங்களுக்கு போன் பண்ணுவோம். தப்பு நம்பர் வந்தா எங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

செவப்புக் கட்டம்

பூஜ்யத்த தூக்கிட்டு ஒழுங்கா எழுதுனேன். தப்பா அடிச்சா அந்தக் கட்டம் அப்பவே செவப்பாவும், சரி பண்ணாம மேல போகாது. கிழிசலுக்குத் தனிக் கட்டம். இத அனுப்பிட்டா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாள் அனுப்பாமலே வச்சிருந்தேன். திரும்பி வந்த டிரைவர நெனச்சுக்கிட்டு அனுப்பிட்டேன். ஒரு மாசம் பொறுத்து நானே கூப்ட்டேன். பின்னால மிஷின் சத்தம், ஷபானாதான் எடுத்தா. "சூப்பரா ஓடுது ஆயா, உங்கள கூப்பிடற வேலையே இல்ல."

நம்ம தொழில்ல வேலைய சுத்தமா முடிச்சிட்டேன்னு எவரும் வந்து சொல்றதில்ல, போன் சும்மா கெடக்கறத பாத்து நாமளேதான் தெரிஞ்சிக்கணும்.