தீக்குச்சி சுடாத தழும்பு

எனக்கு வாய் நீளம். கோவில்பட்டியில் நான் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கணக்குப்பிள்ளை ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் நாலாகத் திருப்பிக் கொடுப்பேன். அந்த வாயை நம்பித்தான் அவள் என்னோடு சிநேகிதமானாள்.

புதூர்ப் பக்கத்திலிருந்து ஆபீஸ் வேனில் வருவாள். பெட்டி அடைப்பில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து பல வருஷமாகிறது. கை குச்சியை அள்ளி அடைத்துக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும். அவள் புருஷன் அடிப்பான். எதால் அடித்தான், எங்கே அடித்தான், பிள்ளைகள் பார்த்தார்களா, ஒன்றுவிடாமல் சொல்வாள். ஒருநாள் முழங்கையில் ரத்தம் கட்டியிருக்கும், ஒருநாள் காது மடல் கிழிந்திருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏட்டி, திருப்பி ஒண்ணு குடுக்க மாட்டியா? ஒனக்குக் கை இல்லையா?" என்று கத்துவேன்.

ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது நான்தான். என் வீட்டுக்காரரும் அடிப்பார். அவள் புருஷனை அவன் இவன் என்று ஏசுகிற நான், என் புருஷனை மரியாதையாக 'அவிய' என்றுதான் சொல்வேன். எல்லாருக்கும் புத்தி சொல்கிறவள் வீட்டில் மிதி வாங்குகிறாள் என்று தெரிந்தால் எவள் மதிப்பாள்? வெட்கம், வேறொன்றுமில்லை. அவர் என் முன்னங்கையில் பீடியால் சுட்டபோதுகூட, "நீ லீவு போட்ட அன்னைக்கு அடைக்கையில குச்சி பத்திருச்சுட்டி" என்றேன். எங்கள் வேலையில் நடக்கிறதுதான். அழுத்தி அடைத்தால் மருந்து உரசிப் பொசுக்கென்று பிடித்துக்கொள்ளும். அவள் ஒன்றும் கேட்காமல் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம் அவள் புருஷன் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டான். போன் பண்ணினால் எடுக்கவில்லையாம். தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தவளை முடியைப் பிடித்து இழுத்தான். அவள் தலை சிமெண்ட் படியில் மோதியது. சோறு மண்ணில் கொட்டியது. நாங்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தோம்.

"புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம ஊடால போவக் கூடாது" என்று ஒருத்தி முனகினாள்.

அவன் வயிற்றில் மிதித்தான். சுவரில் சாய்த்திருந்த மரச்சட்டத்தை எடுத்து அவன் மண்டையில் போட்டேன். மறுபடி தோளில் போட்டேன். எலும்பில் கட்டை படுகிற சத்தம் கேட்டது. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் நெற்றியில் ரத்தம் ஒழுக, வேலிமுள்ளுக்குள் விழுந்து எழுந்து ஓடினான். அன்று பூராவும் ஆபீஸில் நான்தான் ராணி.

சாயங்காலம் நான் போவதற்குள் செய்தி வீட்டுக்குப் போயிருந்தது.

"ஆம்பளைய அடிக்கிற அளவுக்கு வந்துட்டியோ? எந்தக் கையாலட்டி அடிச்ச?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

வாய் நீளமான நான் வாயைத் திறக்கவில்லை. இடது கையை நீட்டினேன். வலது கை போனால் பெட்டி அடைக்க முடியாது. அந்தக் கையை வாசல் நிலையில் வைத்துப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். இரண்டு விரல் ஒடிந்தது.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் அவள் தலையில் கட்டோடு வந்தாள். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றேன்.

"சும்மா இருட்டி. அன்னைக்கும் இப்படித்தான் சொன்ன. குச்சி பத்துனா உள்ளங்கையில சுடும், விரலிடுக்குல சுடும். முன்னங்கையில வட்டமாவா சுடும்? நானும் அடைப்புக்காரிதான. பீடின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீயாச் சொல்லுவன்னு இருந்தேன்."

அவள் என் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மகளிர் ஸ்டேஷனுக்குப் போவோம், வா. தனியாப் போவ எனக்குப் பயமா இருக்கு. எம்புருஷன் மேல நான் எழுதிக் குடுக்கேன், ஒம்புருஷன் மேல நீ எழுதிக் குடு. நீ வரலைன்னா நான் அந்த வீட்டுலயே செத்துருவேன்ட்டி."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கோ அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பதுதான் மண்டைக்குள் ஏறியது. நான் அவளுக்கு வீரம் பேசிய ஒவ்வொரு நாளும் என் தழும்பைப் பார்த்துக்கொண்டேதான் தலையாட்டியிருக்கிறாள். உடம்பெல்லாம் கூசியது.

"எங்க அவியளப் பத்திப் பேச நீ யாருட்டி?" என்று கையை உதறி, ஓங்கி அறைந்தேன்.

என் புருஷன்மேல் ஒருநாளும் ஓங்காத கை அது. அவள் கத்தவில்லை. தடுக்கவுமில்லை. கண்ணை இறுக மூடி, கிழிந்த காதைக் கையால் பொத்தி, சுவரோடு ஒடுங்கி, அடுத்த அடிக்காக நின்றாள்.