அட்டையில் இல்லாத அண்ணன்

ஏட்டு நல்லசாமி வந்தபோது கருப்பம்மா தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த கையைக்கூடக் கழுவியிருக்கவில்லை. அரவேணுவுக்குக் கீழே இருக்கும் அந்தத் தோட்டத் தொழிலாளர் லைனுக்கு வண்டிப்பாதை கிடையாது. சரிவில் இறங்கி வந்தவர் மூச்சு வாங்க நின்றார். பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

“ஏனுங்கம்மா, கருப்பம்மா ஊடு இதுதானுங்களா?”

“நாந்தானுங்க.”

“பயப்படாதீங்க. சிலோன்ல இருந்து ஜெகதீசன்னு ஒருத்தர் விசாவுக்கு எழுதிப் போட்டிருக்காரு. இங்க தெரிஞ்சவங்கன்னு உங்க விலாசத்தைக் குடுத்திருக்காரு.” தாளைப் பிரித்துப் பார்த்தார். “ஆனா பேரு ‘ராஜகுமாரி என்கிற கருப்பம்மா’ன்னு இருக்குது. உறவு, தங்கைன்னு போட்டிருக்கு. கப்பல்ல வந்தப்பக் குடுத்த குடும்ப அட்டை இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க.”

“நாளைக்கு அதை எடுத்துட்டு ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க.”

அவர் ஏறிப் போனதும் கருப்பம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பாவி அண்ணன். அறுபத்திரண்டு வயதில் யாருக்கு இந்தப் பெருமை? இரண்டு பெயரையும் சேர்த்தா எழுதுவது?

ராஜகுமாரி என்று அவளை அழைத்தவர்கள் ஏழு வயது வரைக்கும்தான் இருந்தார்கள். அது எழுபத்தேழாம் ஆண்டு, சிலோனில். தமிழர்கள் தனி நாடு கேட்கிறார்களாம் என்று கீழே கடைத்தெருவில் பேச்சுக் கிளம்பியது. யாழ்ப்பாணம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத சனம் அவர்களுடையது. அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தைத்தான் சிங்களக் கூட்டம் வந்து கொளுத்தியது. வந்தவர்களில் ஒருவனை அவளுக்குத் தெரியும். அவன் கடையில்தான் அம்மா தேங்காயெண்ணெய் வாங்குவாள். தீக்காயத்தோடு ஒன்பது நாள் கிடந்துவிட்டு அம்மா போனாள்.

அம்மாவின் தம்பி பழனியாண்டிக்கு இந்தியா போக அட்டை வந்திருந்தது. புருசன், பெண்சாதி, மகள் கருப்பம்மா என்று மூன்று பெயர். கப்பலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அந்தக் கருப்பம்மா காய்ச்சலில் செத்துப்போனாள். அட்டையில் பிள்ளைகளுக்குப் படம் கிடையாது, பெயரும் வயதும்தான். மாமா வந்து அப்பாவிடம் கேட்டார்: “இடம் சும்மாப் போகுது. புள்ளையக் குடு.” அப்பா கொடுத்துவிட்டார். பதினாலு வயது அண்ணன் ஜெகதீசனுக்கு அட்டையில் இடமில்லை. அவனை அழைத்துக்கொண்டு, தமிழர் நடுவில் இருந்தால் பயமில்லை என்று கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

கப்பலில் மாமாவை அப்பா என்றும் அத்தையை அம்மா என்றும் கூப்பிடப் பழகினாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் “கருப்பம்மா” என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மறந்துவிடுவாள். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அத்தையின் குரல் ஒரு கணம் தடுமாறும். தண்ணீர்க் குழாயடியில் சண்டை வந்தால் “சிலோன்காரி, உங்க நாட்டுக்கே போடி” என்பார்கள். எது உங்க நாடு என்று யாராவது சொன்னால் தேவலை என்று அவளுக்குத் தோன்றும். தொண்ணூற்றொன்றில், முன்னாள் பிரதமர் கொலையான பிறகு, லைனில் இருந்த சிலோன்காரர்கள் எல்லாரையும் போலீஸ்காரர்கள் வரச்சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்குக் ‘கருப்பம்மா’ என்று சொல்ல அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மகள் மகாலட்சுமி எம்.ஏ. வரலாறு. அந்த லைனில் முதல் பட்டதாரி. அரசுத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்த மாதம் சான்றிதழ் சரிபார்ப்பு. அவளுடைய சாதிச் சான்றுக்கும் இருப்பிடச் சான்றுக்கும் வேர் அந்தப் பழைய அட்டைதான்.

“நெசத்தையே சொல்லிடும்மா,” என்றாள் மகாலட்சுமி. சொல்லி முடிப்பதற்குள் முகம் மாறியது. “இல்ல... சொன்னா என்னாகும்னு தெரியல. எனக்கு வேலை போனாலும் போகட்டும்னு சொல்லத்தான் நினைக்கறேன். வாய் வரமாட்டேங்குது.”

“நீ பேசாம இரு.”

“போருக்கு என்னென்ன காரணம்னு பத்து மார்க்குக்கு எழுதியிருக்கேம்மா. இனவாதம், தேசியவாதம்னு நம்பர் போட்டு.”

“அதுல நம்ம லயம் இருக்குதா?”

மகள் எழுந்தாள். போய் அடுப்பில் இல்லாத பாலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் ஸ்டேஷனில் நல்லசாமி அட்டையைப் புரட்டினார். “இதுல உங்கப்பா பேரு பழனியாண்டி. நீங்க சொல்றபடி பார்த்தா ஜெகதீசனோட அம்மா அவருக்கு அக்கா. அப்ப அவரு உங்களுக்கு அத்தை மகனல்ல ஆகணும்? தங்கைன்னு ஏன் எழுதினாரு?”

“அவருக்கு ராஜகுமாரின்னு ஒரு தங்கச்சி இருந்தாங்க. வயசாச்சில்லீங்களா, என்னையும் அவங்களையும் சேர்த்துக் கொழப்பிக்கறாரு.”

“அந்த ராஜகுமாரி இப்ப எங்கம்மா?”

கருப்பம்மா சுவரைப் பார்த்தாள். “செத்துட்டாங்க. எழுபத்தேழுல. லயத்தைக் கொளுத்தினப்ப.”

“அடப்பாவமே,” என்றார் நல்லசாமி. நிஜமாகவே வருத்தப்பட்டார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி வைத்தார். “அவரு ‘உறவினர்’னு திருத்தி, தங்கச்சி இறந்துட்டதா ஒரு வரி எழுதி மறுபடி போட்டுட்டா வேலை முடிஞ்சுதுங்க. ஒண்ணும் சிக்கலில்லை.”

அவள் கருப்பம்மா என்று கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் பேசினாள். அவன் உற்சாகமாக ஆரம்பித்தான். “ராசு, அங்கிட்டு குளிரு எப்புடி? கம்பளி கொண்டாரவா?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். ஒரு வரி எழுதினால் போதும் என்றாள். மகளின் வேலையைச் சொன்னாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள். அவன் பெயர் இன்னும் அதில் இருந்தது.

“ஒரு வரிதானே,” என்றான் கடைசியில். “எனக்கும் அதைத்தான் சொன்னானுவ. கடைசிச் சண்டையில எம் மவன் பாலமுருகனை ஆமிக்காரனுவ கண்ணு முன்னால பஸ்ஸுல ஏத்துனானுவ. எங்கன்னு கேட்டா பதிலில்ல. செத்துட்டான்னு ஒரு கையெழுத்துப் போடு, சர்ட்டிபிகேட்டு தாரோம்னு வருசா வருசம் வாரானுவ. பதினாறு வருசமாப் போடல்ல, ராசு. ஒங்க அண்ணி கண்ணு மூடுற வரைக்கும் போடல்ல. இப்ப தங்கச்சியும் செத்துட்டான்னு என் கையால எழுதவா?”

“அண்ணே, அது வெறும் காகிதம்.”

“எல்லாமே காகிதந்தான். காகிதத்துலதானே நம்மள அங்கிட்டுப் பாதி, இங்கிட்டுப் பாதியாப் பிரிச்சானுவ.” இருமினான். “நா வரல்ல. நீ ஒண்ணும் நெனைக்காத. நீ உசிரோட இரிக்கிறன்னு எனக்குத் தெரியும். அது போதும்.”

“கோவமாண்ணே?”

“ச்சே. மருமவளுக்கு வேல கெடச்சதும் சொல்லு.”

மூன்று நாள் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு முறை விழுந்தது. மகள் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தாள். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம் என்று ஒருநாள் பஸ் நிறுத்தம் வரை போனாள். பஸ் வந்தது. ஏறவில்லை. மகளின் முகம் தடுத்ததா, பயம் தடுத்ததா என்று வீடு வரும்வரை தன்னையே கேட்டுக்கொண்டாள். இரண்டும்தான் என்று சொல்ல மனசு ஒப்பவில்லை.

நான்காம் நாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது, அடுத்த நிரையில் நின்ற ஃபெபி குரல் கொடுத்தாள். ஏட்டு வந்ததும், ஸ்டேஷனில் அவள் சொன்னதும் லைன் முழுக்கத் தெரியும். “என்னக்கா, சிலோன்ல இருந்து அத்தை மகன் வர்றாராமே! முறை மாப்பிள்ளைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். கருப்பம்மாவின் கை செடிமேல் நின்றது.

“அத்தை மகன் இல்லடி. என்கூடப் பொறந்த அண்ணன்.”

அவள் நினைத்ததைவிடச் சத்தமாகவே அது வந்துவிட்டது. மேல் நிரையில் கங்காணி திரும்பிப் பார்த்தான். ஃபெபி கூடையைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தாள்.

“அக்கா... ஸ்டேஷன்ல வேற மாதிரி...”

“ஆமா. அங்க வேற மாதிரிதான் சொன்னேன்.”

“எப்ப வர்றாரு?”

“வரமாட்டாரு,” என்றாள் கருப்பம்மா. கண்ணைத் துடைக்காமலே அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.