காஞ்சிருச்சா?

"துணி காஞ்சிருச்சா, அத்தே?" என்று மருமகள் கேட்டால் இன்றும் நான் 'ஆமாம்' என்று சொல்வதில்லை.

பினாங்கில் டிராம் ஓடிய காலம். சாலையோர அங்சானா மரங்களில் ஏறி, மின்கம்பியைத் தொடும் கிளைகளை வெட்டுவது அப்பாவின் வேலை. இடுப்புக் கயிற்றை அடுப்புக்கு மேலேயே தொங்கவிடுவார். "ஈரக் கயித்துல கரண்டு பாயும் லா" என்பார்.

எனக்கு எட்டு வயது. ஆயுத பூஜைக்கு அம்மா அரிவாளைக் கழுவினாள். கறுத்துக் கிடந்த கயிற்றை நான் மஞ்சள் தண்ணீரில் அலசி வெயிலில் போட்டேன்.

மறுநாள் காலையில் அப்பா அதை மோந்து சிரித்தார்.

"மஞ்சள் வாசம்! காஞ்சிருச்சா, பாப்பா?"

தொட்டுப் பார்த்தேன். மேலே மொறமொறப்பாக இருந்தது.

"காஞ்சிருச்சுப்பா."

மத்தியானம் அப்பாவைத் தூக்கி வந்தார்கள். அம்மா அவிழ்த்த கயிற்றின் புரிகளுக்குள் மஞ்சள் ஈரம் கசிந்தது.

"நீயே வந்து தொட்டுப் பாரும்மா" என்றுதான் மருமகளிடம் சொல்வேன்.