உப்பில்லாத கிண்ணம்

ஓரத்தில் நீலக் கோடு போட்ட மங்குக் கிண்ணம் அது. அடியில் எனாமல் பூச்சு உதிர்ந்து கறுத்திருக்கும். எங்கள் சித்தப்பாவுக்கு மட்டும் உப்பில்லாத ரசம் அதில்தான் வரும். ஒருநாள் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சீ! புளியைக் கரைத்த வெந்நீர். அந்தக் கிண்ணத்தையும் அதில் ஊற்றிய கைகளையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

சித்தப்பாவுக்கு பிரஷர் என்று தீவுப் பட்டணமான ஜார்ஜ் டவுனில் எங்களை அறிந்த அத்தனை பேருக்கும் தெரியும். அது பச்சைப் பொய். துறைமுக அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கெழுதியவர், யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று ஒருநாள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் மனநோய்க்கு மாத்திரை கொடுத்தார்கள். நல்ல மருந்து, கொஞ்ச நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார். அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, அப்போது மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமனுக்கு மனநோய் என்றால் எவன் பெண் எடுப்பான்? ஆகவே அது பிரஷர் ஆயிற்று. பிரஷர் கௌரவமான நோய். பெரிய கிராணிமார் எல்லாருக்கும் இருந்தது. பொய்க்குச் சாட்சியாக அவர் சாப்பாட்டில் உப்பை நிறுத்தினார்கள்.

கொடுமை என்னவென்றால், அந்த மாத்திரை பிரஷரை இறக்கக்கூடியது. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நான் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க அவர்கூடப் போவேன். அங்கே நர்ஸாக இருந்த தமிழ் மிஸ்ஸி அவரைப் படுக்க வைத்து ஒரு தரம், நிற்க வைத்து ஒரு தரம் பிரஷர் பார்ப்பார். நின்றால் மளமளவென்று இறங்கிவிடும். "அண்ணே, படக்குன்னு எழுந்திரிக்காதீங்க லா. உப்பைக் குறைக்காதீங்க. பிரஷர் மாத்திரை எதையும் தொட்டுறாதீங்க, ஆளையே சாச்சிரும்," என்பார். நான் வீட்டில் வந்து அப்படியே ஒப்பிப்பேன். "நாலு பேரு வந்து போற வீடு, வாயை மூடு," என்பார் பெரியத்தை. சித்தப்பா சிரித்துக்கொண்டே அந்த ரசத்தைக் குடித்து முடிப்பார். "விடு பாப்பா, கல்யாணம் முடியட்டும்."

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்தார்கள். வரவேற்கச் சித்தப்பா சட்டென்று எழுந்தார். கண் செருகியது, சுவரைத் தடவியபடி நாற்காலியிலேயே சரிந்தார். மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போனார். நல்ல மனுஷி, பாவம். "அடடா, பிரஷர் ஏறிப்போச்சு போல! எனக்கும் இருக்கு லா," என்று கைப்பையைத் திறந்து தம்முடைய பிரஷர் மாத்திரையை எடுத்து நீட்டினார்.

"வேணாம், குடுக்காதீங்க! அவருக்கு..." என்று கத்தினேன். பெரியத்தை என் கையைத் திருகி, "போய் தண்ணி எடுத்துட்டு வா," என்று தள்ளினார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா என்னைப் பார்த்தார், தாம்பூலத் தட்டைப் பார்த்தார். மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

பந்தி முடிந்து குளியலறைக்குப் போனவர் அங்கேயே விழுந்தார். சிமெண்டுத் தொட்டியில் மண்டை மோதியது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். சம்பந்தி வீட்டார் பக்கத்தில் நிற்கிறார்கள் அல்லவா, "பிரஷர் மாத்திரைதான் டாக்டர்," என்றார் பெரியத்தை. தூ! இதுவும் ஒரு மனுஷ ஜென்மமா? நான் டாக்டரின் பின்னாலேயே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன். அதற்குள் சித்தப்பாவுக்குப் பேச்சு மூச்சில்லை. மறுநாள் போய்விட்டார். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று ஊருக்குச் சொன்னார்கள்.

கல்யாணம் ஓராண்டு தள்ளி ஜாம்ஜாமென்று நடந்தது. அந்த மகள் இப்போது அக்கரையில் ஜுருவில் இருக்கிறாள். சித்தப்பாவின் திதியும் அங்கேதான். போன தடவை சோறு, வடை, பாயசம் எல்லாம் இலையில் வைத்தாயிற்று. கூடத்து நாற்காலியில் இருந்தபடியே பெரியத்தை குரல் கொடுத்தார்: "அவன் ரசத்துல உப்புப் போட்டுறாதீங்க. பிரஷர் உள்ளவன்."

அதே மங்குக் கிண்ணம். செத்தவனுக்குமா? உப்பு ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி ரசத்தில் போட்டுக் கலக்கினேன்.

"அடியே, உனக்கென்ன பைத்தியமா?" என்று அலறினார் பெரியத்தை.

அந்தச் சொல் வெளியே வந்துவிடக் கூடாதென்றுதானே அந்த மனிதரை உப்பில்லாமல் தின்னவைத்தார்கள். எனக்கென்றால் எவ்வளவு லேசாக வாயில் வருகிறது! "ஆமா அத்தை, நம்ம குடும்பத்துல இருக்குல்ல," என்றேன், மாப்பிள்ளையின் காதில் விழும்படி. பிறகு கிண்ணத்தைச் சித்தப்பாவின் இலையில் வைத்தேன்.