காலம் முடிவாகாத மனிதர்

பல் டாக்டரின் கிளினிக் கீழே. மாடியில், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்கிறவர் இவர். இருபத்தாறு வருடங்களாக ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முகத்தையும் இவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. பிளாஸ்டர் தாடையாக மேலே வரும், பல் செட்டாகக் கீழே போகும். பல் நிறத்துக்கென்று பதினாறு சாயல்கள் கொண்ட அட்டை ஒன்று உண்டு. டாக்டர் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை, விளக்கடியில் ஒரு தடவை வைத்துப் பார்த்துக் குழம்புகிற பல்லை, இவர் ஒரே பார்வையில் இன்ன சாயல் என்று சொல்லிவிடுவார்.

மேஜையை விட்டு எழுந்தால் மனிதர் வேறு. சட்டை எடுக்கப் போனால் கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை நிற்பார். ஓட்டலில் பக்கத்து மேஜைக்காரர் என்ன சாப்பிடுகிறாரோ அதையே கேட்பார். வீட்டில் இந்தக் குறை வெளியே தெரியாமல் போனதற்கு மனைவிதான் காரணம். அவள் அவசர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ். யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று அரை நிமிடத்தில் முடிவெடுக்கிறவளுக்கு, சோபா உறை என்ன நிறம் என்பதெல்லாம் ஒரு பொருட்டா?

மகள் படிக்க வெளியூர் போன வருடம், லிப்ட் மெக்கானிக்கான மச்சினன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "மாமா, சும்மா ஒரு நடை வாங்க" என்று அழைத்துப்போனான். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு நீண்ட அறை. பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை, துணிக்கடியில் புத்தகங்களை வைத்து எழுப்பிய குன்றுகள், அவற்றின்மேல் விரல்கணு உயரத்தில் நூற்றுக்கணக்கான பொம்மைச் சிப்பாய்கள். சுற்றி நின்ற ஏழெட்டு நடுவயதுக்காரர்கள் அளவு நாடா பிடித்து அளந்தார்கள், பகடை உருட்டினார்கள். "என் குதிரைப்படை மொத்தமும் காலி" என்று ஒருவர், பேருந்தைத் தவறவிட்ட தொனியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பல்லுக்காரர் குனிந்து ஒரு சிப்பாயைப் பார்த்தார். ஒரு கண் நெற்றியில் இருந்தது. பல்லுக்குச் சாயல் தீட்டும் தன் தூரிகைக்கு இங்கே வேலை இருக்கிறது என்று அவருக்கு உடனே பட்டது. உடனே பட்டது அதோடு சரி.

அந்தப் பொம்மைப் போர்ச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். "எந்தக் காலம்?" என்று கேட்டார்.

"என்ன காலம்?"

"எந்தக் காலத்துச் சண்டை போடப் போறீங்க, சார்? அது முடிவாகாம ஒரு சிப்பாய்கூட வாங்காதீங்க. படிக்கப் பிடிச்சதா இருக்கணும், வர்ணம் அடிக்கப் பொறுமை இருக்கணும், எதிரே நிக்க இங்கே ஒருத்தராவது இருக்கணும். அவசரமே இல்லை. நிதானமா யோசிங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவரை நிதானமாக யோசிக்கச் சொன்னார். அவர் மூன்று வருடம் யோசித்தார்.

ரோமானியர்களில் தொடங்கினார். நூலகத்திலிருந்து ஒன்பது புத்தகம் வந்தது. எல்லாருக்கும் முட்டி தெரிகிறது, நானூறு முட்டிகளுக்கு நிழல் தீட்ட வேண்டும் என்று கண்டுபிடித்ததும் அவர்களை விட்டார். கவச வீரர்களின் காலத்தில் ஆளுக்கொரு கேடயச் சின்னம். நெப்போலியன் காலத்தில் பித்தான்கள். போதாததற்கு, அந்தக் காலத்தை ஆடிய இரண்டு உறுப்பினர்கள் ஒரு காலரின் பச்சை எந்தப் பச்சை என்பதில் முறைத்துக்கொண்டு, ஒரே மேஜையில் ஆடியும் நான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். பதுங்குகுழிப் போரை மனைவியிடம் விளக்கினார்: இரண்டு பக்கமும் வருடக்கணக்காக இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"அதுக்கு நீங்க மேஜை வேற வாங்கணுமா?" என்றாள் அவள்.

இதற்குள் அவர் சங்கத்தின் பெரிய அறிவாளி ஆகியிருந்தார். புதிதாக வருகிறவர்கள் காலத்தைத் தேர்ந்தெடுக்க அவரிடம்தான் ஆலோசனை கேட்டார்கள், கேட்டுக்கொண்டு அடுத்த வாரமே படையோடு வந்தார்கள். அவரிடம் ஒரு சிப்பாய் கிடையாது. ஒருநாள் செயலாளர் வீட்டுக்குப் போன் செய்து, "அம்மா, சாருக்குக் காலம் முடிவாயிடுச்சா?" என்று கேட்டார்.

"காலையில சாப்பிட்டுட்டு நல்லாத்தானே கிளம்பினார்" என்றாள் நர்ஸ். பிறகு விஷயம் புரிந்து, இரண்டு நாள் கணவரோடு பேசவில்லை.

நான்காவது வருடத் தொடக்கத்தில் ஒரு தாடை மாடிக்கு வந்தது. இடது பக்கம் உடைந்து, கோணலாகக் கூடியிருந்த தாடை. கூடவந்த சீட்டில், 'முன்னாள் ராணுவத்தினர், போர்க்களத்தில் முறிவு' என்று டாக்டர் எழுதியிருந்தார். பல்லுக்காரர் சீட்டை இரண்டு தடவை படித்தார். மூன்று வருடமாக முட்டியையும் பித்தானையும் எண்ணிக்கொண்டிருந்தோமே, இந்த மனிதர் தாடையையே கொடுத்திருக்கிறார் என்று கூச்சப்பட்டார். இந்த விளையாட்டே வேண்டாம் என்றுகூட நினைத்தார். செட் தயாரானதும், இத்தனை வருடத்தில் முதல்முறையாக, தானே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

மெலிந்த பெரியவர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பல்லைப் பொருத்திவிட்டு, "குண்டு பட்டதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் பல்லுக்காரர்.

பெரியவர் புதுப் பல்லால் இரண்டு முறை கடித்துப் பார்த்துக்கொண்டார். "குண்டா? கழுதை உதைச்சதுங்க. கோவேறு கழுதை."

"எதிரியோட கழுதையா?"

"நம்ம கழுதைதான். நான் மலைமேல ரேஷன் ஏத்திக்கிட்டுப் போற பிரிவு. சண்டை நடந்த பக்கமே நான் போனதில்லை. மூணு வருஷமும் எனக்கு எதிரின்னா அந்தப் பன்னிரண்டு கழுதைங்கதான்."

அன்று மாலை அவர் தன் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ரோமானியர் பின்னால் கழுதை. கவச வீரர் பின்னால் கழுதை. பித்தான்காரர்களுக்கும் பதுங்குகுழிக்காரர்களுக்கும் கழுதை. எந்தக் காலத்திலும் அதற்குச் சீருடை மாறவில்லை, பித்தானும் இல்லை. மறுநாளே பன்னிரண்டு பொம்மைக் கோவேறு கழுதைகள் கேட்டுக் கடைக்கு எழுதிப்போட்டார். எந்தக் கடைக்காரரையும் அவர் அவ்வளவு சீக்கிரம் விட்டதில்லை.

"மூணு வருஷம் சரித்திரம் படிச்சு, கடைசியில கழுதையில வந்து நிக்கிறீங்க" என்றாள் மனைவி. ஆனால் வர்ணம் உலர்ந்ததும் ஒன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். பல்கூடத் தெரிந்தது.

சங்கத்தில் கழுதைகளுக்கு ஏகப்பட்ட கிராக்கி. படைக்குப் பின்னால் வரும் மூட்டை முடிச்சை இழந்தால் ஆட்டத்தில் பாதி தோல்வி என்பது விதி. இதுவரை தீப்பெட்டிகளை வைத்துச் சமாளித்தவர்கள் இப்போது அவரிடம் இரவல் கேட்டார்கள். ஒரே ஞாயிறில் ரோமாபுரிக்கு நான்கு, நெப்போலியனுக்கு எட்டு என்று பிரித்துக் கொடுத்தார்.

சிக்கல் அதில்தான் வந்தது. ஒரு நாள் மச்சினனின் குதிரைப்படை எதிராளியின் மூட்டைக் கழுதைகளைப் பிடித்தது. பிடித்த வேகத்தில் இரண்டு கழுதைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவன், ஒன்றின் காதை ஒடித்துவிட்டான்.

"ஒட்டிடலாம் மாமா. இது விளையாட்டுதானே."

"உனக்கு விளையாட்டு. அது யார் பக்கமும் இல்லாத கழுதை. அதைப் பிடிக்கிறதுக்கு நீ யாரு?"

சட்டைக் கடையில் வாய் திறக்காத மனிதர் செயலாளருக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். மூன்று வாரம் கழுதைகளை அனுப்பவில்லை. போர்கள் நின்றன. நெப்போலியன்காரர்கள் இருவரும் பல வருடத்துக்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசி, சமாதானத் தூதுக்குழுவாகச் சேர்ந்து அவர் வீட்டுக்கு வந்தார்கள். நர்ஸ் அவர்களை அரை நிமிடம் பார்த்தாள். இருவரில் வயதில் மூத்தவரை முதலில் பேசச் சொன்னாள். கணவரிடம், "காதைத் தம்பி ஒட்டித் தரட்டும், நீங்க கழுதையை அனுப்புங்க" என்று முடித்துவைத்தாள்.

இப்போது அந்த அறைச் சுவரில் செயலாளர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'கழுதைகளைப் பிடிக்கலாம். கையால் தொடக் கூடாது.' பல்லுக்காரரிடம் இன்று நாற்பத்தொரு கழுதைகள் இருக்கின்றன. படை என்று ஒன்று இல்லை. ஞாயிறுதோறும் எல்லாருக்கும் முன்னதாகப் போய், எல்லாரும் போனபின் எண்ணி எடுத்துவைத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்.