சுத்தபோசனமும் கோபி மஞ்சூரியும்

என் வீட்டுக்காரருக்கு இரத்தக் கொதிப்பு என்று தெரிந்த அன்றைக்கே நான் பர்கரின் மேல் போர் தொடுத்துவிட்டேன். அவருடைய ஆபீசுக்குக் கீழேயே ஒரு பர்கர் கடை. வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் மதியச் சாப்பாடு. நான் கட்டிக்கொடுத்த டப்பா திறக்காமலே திரும்பி வரும். "உப்பைக் குறைங்க, வெளிச்சாப்பாட்டைக் குறைங்க" என்று டாக்டரம்மா சொன்னதில் என் காதில் விழுந்தது பர்கர் மட்டும்தான். மைதா, சீஸ், என்றைக்கோ அரைத்து உறையவைத்த கறி! பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிப் பழகிய வாய் எனக்கு. மனிதர் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்.

பிறகு தவக்காலம் வந்தது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எங்கள் வீட்டில் சுத்தபோசனம்தான்; கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தியும் உண்டு. சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து நாங்கள் இருவரும் அல்சூர் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்தால், வழியில் ஒரு தள்ளுவண்டி. கோபி மஞ்சூரி, வெஜ் நூடுல்ஸ். பகலெல்லாம் காய்ந்த வயிற்றுக்கு அந்த வாசனை போதாதா? காலிஃபிளவர், கோஸ், கேரட், எல்லாம் காய்கறிதானே, சுத்தபோசனம்தானே என்று நானே வாங்கி அவர் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் என்று ஆரம்பித்தது, எனக்குச் சமைக்க அலுப்பான நாளிலெல்லாம் பார்சலாக வீட்டுக்கு வந்தது. பர்கரை ஒழித்த பெருமையில் எனக்கு உறுத்தவே இல்லை.

இரண்டாவது வாரமோ என்னவோ, வண்டியருகே நின்று சாப்பிடும்போது அவர் கேட்டார். "கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்குல்ல?"

"பர்கர் தின்ன நாக்குக்கு இது உப்பாத் தெரியுதா? பேசாம சாப்பிடுங்க."

பேசாமல் சாப்பிட்டார்.

ஐந்தாவது வாரம் ஒரு காலையில் அவருடைய ஷூ காலுக்குள் போகவில்லை. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலைவலி மூன்று நாளாக இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார். டாக்டரம்மா பி.பி.யை இரண்டு முறை பார்த்தார். முகம் மாறியது.

"திரும்ப பர்கர் சாப்பிடறாரா?"

நான் முந்திக்கொண்டேன். "கண்ணுலயே காட்டறதில்ல டாக்டர். கறியே கிடையாது. வெளிய சாப்பிட்டா கோபியும் நூடுல்ஸும்தான்."

"நல்லா மாத்தினீங்க போங்க. மாவுல உப்பு, சோயா சாஸ்ல உப்பு, மேல தூவற பவுடர்ல உப்பு. பர்கரே தேவலைன்னு சொல்ல வெச்சிடுவீங்க போல. யாரு இதை வாங்கறது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "நான்தான் டாக்டர். நாக்கு கேக்கல" என்றார்.

"வீட்டுல அவங்க இவ்ளோ பாத்துக்கறாங்க, உங்களுக்குப் பொறுப்பு வேணாமா?" என்று டாக்டரம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். நான் மடியில் பையை வைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தேன். கிட்னியைப் பார்க்க இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உன்னைத் திட்டினா நீ தாங்கமாட்டே."

எனக்கு அழுகை வந்தது. அதையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது. "உப்புன்னு தெரிஞ்சா வேணாம்னு சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே" என்றார், வெளியே பார்த்தபடி. குரலில் குறையே இல்லை.

கிட்னி கொஞ்சம் அடிபட்டிருக்கிறது, இனி ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று ரிப்போர்ட் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். வழக்கம்போல, கோபப்பட்டேன் சாமி என்றேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். டாக்டரிடம் வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் எல்லாம் அரை உப்புச் சமையல். நேற்று ரசத்தை வாயில் வைத்து எனக்கே குமட்டியது. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு" என்றார் உடனே.

ரசத்தைத்தான் சொன்னாரா, எனக்குப் பயந்து சொன்னாரா என்று தெரியவில்லை. இன்னொரு முறை கேட்க எனக்கு வாய் வரவில்லை.