முதல் பாகம் பெரியம்மாவுக்கு

என் சித்தி டிரை கிளீனிங் கடையில் கவுன்டரில் நிற்கிறாள். பள்ளிப் படிப்பு முடிந்ததிலிருந்து அங்கேதான். யாராவது துணியை நீட்டினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், பைகளைத் துழாவுவாள், நம்பர் போட்ட துணித்துண்டைக் காலரில் குத்துவாள். பிறகு, "என்ன கறைங்க?" என்று கேட்பாள். கறை விஷயத்தில் உண்மை பேசுகிறவர்கள் குறைவு. எல்லாரும் "காபி" என்பார்கள். அது காபி இல்லை என்று நன்றாகத் தெரிந்தாலும் சித்தி காபி என்றே எழுதிக்கொள்வாள். யாரையும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்க அவளுக்கு வராது. அவள் நாவல் எழுதியதற்குக் காரணமே இந்தக் குணம்தான்.

சித்தியின் இளவயதில் ஒருவர் அவளைப் பெண் கேட்டு வந்தார். ரயில்வேயில் வேலை. சித்திக்கும் அவரைப் பிடித்திருந்தது. அவள் தலைவாரி உள்ளறையில் காத்திருந்தாள். மூத்த அக்காவான பெரியம்மாவோ வாசலிலேயே அவரை நிறுத்தி, "பொண்ணுக்கு இஷ்டமில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்கச் சித்திக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு வேறு வரன் அமையவில்லை. ஏற்கெனவே உடம்பு முடியாமல் இருந்த தாத்தா படுத்த படுக்கையானார். சித்திதான் பார்த்துக்கொண்டாள்.

பல வருஷம் கழித்து அதே ஆள் கடைக்குக் கோட்டு வெளுக்க வந்தார். கூடவே வளர்ந்த மகள். அந்தப் பெண்ணின் வயதை மனதுக்குள் கணக்குப் போட்ட சித்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெண் கேட்டு வந்தபோதே மனிதருக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்திருக்கிறது! அக்காவுக்கு அது தெரிந்திருக்கிறது. தங்கை மனம் உடையக்கூடாது என்று பழியைத் தானே சுமந்திருக்கிறாள்! 'எனக்கு எல்லாம் தெரியும் அக்கா, உன் மேல கோபமில்லை' என்று இரண்டு வரி சொன்னால் போதும். அந்த இரண்டு வரியை நேரில் சொல்ல முடியாமல்தான் சித்தி அறுநூறு பக்கத்துக்கு மூன்று தலைமுறைக் கதை எழுதினாள். அக்கா அதைக் கடைசிவரை படிக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

புத்தகம் வெளிவந்தது. குடும்பமே கூடி ஆலோசித்து ஒரே ஒரு பிரதி வாங்கியது.

"வீட்டுக்கு ஒண்ணு எதுக்கு? எழுதினது நம்ம பொண்ணுதானே, கதையும் நம்ம கதைதானே" என்றார் மாமா. அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் எது வந்தாலும் வயது வரிசைப்படி பங்கு போடுவது வழக்கம். புது சோபா வந்தால்கூட யாருக்கு எந்த மூலை என்று அன்றே தீர்மானமாகிவிடும். மாமா புத்தகத்தை எடுத்துப்போய் மெஷினில் வைத்து, சம கனத்தில் மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டுக் கொண்டுவந்தார்.

"ஒரு எழுத்து சேதமில்ல. வெட்டு எப்படி நேரா இருக்கு பாரு" என்று சித்தியிடமே காட்டினார்.

"நல்லா இருக்குண்ணா" என்றாள் சித்தி. வேறென்ன சொல்வாள்?

முதல் பாகம் மூத்தவளான பெரியம்மாவுக்கு. நடுப்பாகம் என் அம்மாவுக்கு. கடைசிப் பாகம் மாமாவுக்கு. படித்துவிட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

சம கனத்தில் வெட்டியதால் முதல் பாகம் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே முடிந்திருந்தது. அக்கா மாப்பிள்ளையை விரட்டிவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். "அவள் முகத்தில்" என்பதோடு பாகம் சரி. பெரியம்மா உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி, என் மூஞ்சில என்ன இருந்துச்சுன்னு எழுதியிருக்கா? உன் பாகத்துல மொதல் வரி என்ன, படி."

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். "'ஒன்றும் தெரியவில்லை.'"

"பாத்தியா! ஈவு இரக்கமில்லாதவங்கறா!"

"உனக்காவது மூஞ்சி இருக்குக்கா. என் பாகத்துல நான் வரவே இல்ல. பக்கத்துக்குப் பக்கம் படுத்துக்கிடக்கற அப்பாவுக்கு மருந்து குடுக்கறாங்க, துடைக்கறாங்க, திருப்பிப் படுக்க வைக்கறாங்க. நான் அழுது அழுது தலைவலிதான் மிச்சம்."

மாமா வேறு கட்சி. அவர் தன் பாகத்தில் முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பக்கமும் படித்தார். நடுவில் இருப்பதை ஊகித்துக்கொள்ளலாம் என்பது அவர் கொள்கை.

"பெரியக்கா, உன்னைத் தெய்வமா எழுதியிருக்கா" என்று அவர் போன் செய்தார்.

"என்னடா, கிண்டலா? என்னைப் பிசாசா எழுதியிருக்கா."

"சத்தியமா தெய்வம்க்கா. எல்லாரும் உன் கையைப் புடிச்சுட்டு அழறாங்க."

"அவளுக்கு வக்காலத்து வாங்க உனக்கு என்னடா குடுத்தா?"

அன்றோடு அந்த இருவருக்கும் பேச்சு நின்றது. பாகங்களை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் நின்றது. ஒரே நாவலைப் படித்த எங்கள் குடும்பத்தில் யாரும் அடுத்தவர் படித்ததைப் படிக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் உறுதியான கருத்து இருந்தது.

வெளி வாசகர்களும் இருந்தார்கள். கடை முதலாளி நாவல் முழுவதையும் புரட்டிவிட்டு, "நம்ம கடை பேரு எங்கயும் வரலையேம்மா" என்று வருத்தப்பட்டார். கறுப்புக் கோட்டு வெளுக்க வரும் வக்கீல் ஒருவர் கவுன்டரிலேயே கண் கலங்கினார். "அப்படியே எங்க வீட்டுக் கதைங்க. எங்கக்காவும் இப்படித்தான், ராட்சசி." கதையில் அவள் ராட்சசி இல்லையே என்று சித்தி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "கடைசியில மாத்திட்டீங்க, அது வாசகருக்காக. எனக்குத் தெரியாதா?" என்று கோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

சித்திக்கு ஊர் உலகம் எப்படிப் படித்தாலும் கவலையில்லை. அக்கா தவறாகப் படித்ததுதான் அவளுக்குச் சோறு இறங்காமல் செய்தது. மூன்றாம் பாகத்தை மாமாவிடமிருந்து வாங்கி, பெரியம்மா வீட்டுக்கு இரண்டு முறை கொடுத்தனுப்பினாள். இரண்டு முறையும் பிரிக்காமலே திரும்பி வந்தது.

பிறகு ஒரு மத்தியானம் பெரியம்மாவே கடைக்கு வந்தாள். வெளுக்கப் போட்டிருந்த ஜன்னல் திரைகளை வாங்க வேண்டியிருந்தது. நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா சித்தியைப் பார்த்து, "என் திரையைக் குடுக்கறீங்களா?" என்றாள். கூடப்பிறந்த தங்கையை அவள் வாங்க, போங்க என்று பேசி நான் கேட்டதில்லை. அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

சித்தி திரைகளை எடுத்து வைத்தாள். கை அவற்றின் மேலேயே இருந்தது.

"அக்கா, அந்த ஆளுக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "எனக்காகத்தான் நீ அவரை அனுப்பினேன்னும் தெரியும். கதை கடைசியில அதான் இருக்கு. நீ படிக்கவே இல்ல."

அறுநூறு பக்கம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

"கல்யாணம் ஆனவனா? யாரு, அந்த ரயில்வேக்காரனா?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? நல்ல பையனாத்தான் தெரிஞ்சான்." பெரியம்மா குரல் இறங்கியது. "நீ அவனோட போயிட்டா அப்பாவை யாரு பாத்துக்கறது? எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மாமியார் வீடு. அதான் அனுப்பினேன்."

சித்தி திரைகளின் மேலிருந்து கையை எடுத்தாள். "அப்போ மொதல் பாகம்தான் சரியா?"

"சரியா இருந்ததாலதாண்டி அவ்வளவு கோபம் வந்துச்சு."

இதற்குள் ஒருவர் கோட்டோடு வந்து நின்றார். சித்தி அதை வாங்கி, பை துழாவி, நம்பர் குத்தி அனுப்பினாள். பெரியம்மா ஓரமாக ஒதுங்கி நின்றாளே தவிர, போகவில்லை. ஆள் போனதும், "அந்தக் கடைசிப் பாகத்தைக் குடு. நான் நல்லவளா இருக்கறது எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்றாள்.

"தர மாட்டேன்" என்றாள் சித்தி. அவள் ஒருவரிடம் நேருக்கு நேர் மறுத்துப் பேசியதை அன்றுதான் கேட்டேன். "ரெண்டாவது பாகம் சின்னக்கா வீட்டுல இருக்கு. அதை மொதல்ல படி. தாண்டாம, வரி விடாம படி."

நடுப்பாகத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாத்தா படுத்துக்கிடந்த வருஷங்கள் அதில்தான் இருக்கின்றன. பெரியம்மா மெதுவாகத்தான் படிக்கிறாள். நேற்றுக் கடைக்குப் போன் செய்தாள்.

"ஏண்டி, இன்னும் எத்தனை பக்கம் அப்பா படுத்தே கிடப்பார்?"

சித்தி தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஒரு சட்டைக்கு நம்பர் குத்தினாள்.

"நிறைய இருக்குக்கா. படி."